பறவைக்கு நாலு கிலோபைட்

வட்டு நிறைந்துவிட்டது என்கிறது கணினி.
நான் ஒப்புக்கொள்ளவில்லை.
ஐந்நூறு ஜிபி. நேற்றுதான் குரெஸ்ஸாரேவில் வாங்கினோம்,
ரசீதில் மழை ஈரம்கூடக் காயவில்லை.

இரவுகளின் ஒலிப்பதிவு முந்நூற்றுத் தொண்ணூறு ஜிபி:
சாரேமா தீவின் தெற்கு முனையில்
இருட்டோடு இருட்டாகக் கடந்துபோன பூங்குருவிகளின் ஒற்றை 'ஸீ',
பெரும்பாலும் காற்று,
இடையிடையே மெரிக்கேயின் இருமல்.

அதுபோகக் குறிப்புகள்.
இருபத்தோரு இலையுதிர் காலம், பதினோரு லட்சம் பறவை,
ஒரு பறவைக்கு ஒரு கோப்பு.
வளைய எண், இறக்கை நீளம், எடை, கொழுப்பு, பிடித்த நேரம்
எல்லாம் ஒரே வரி, நூற்றெண்பது பைட்.
மொத்தமும் கூட்டினால் இருநூறு எம்பி வராது.
ஓர் இரவுக் காற்றில் பதினைந்தில் ஒரு பங்கு.

பிறகு எப்படி நிறைந்தது?

ஒரு கோப்பைத் தொட்டுப் பண்புகளைப் பார்த்தேன்.
அளவு: நூற்றெண்பது பைட்.
வட்டில் அளவு: நூற்றிருபத்தெட்டு கிலோபைட்.
ஒருவர் மட்டும் வந்த பந்தலில்
ஊருக்கே போட்ட பந்திப்பாய்.

தார்த்துவில் தாவெத்தை எழுப்பினேன்.
இந்த நிரலை எழுதியவன்,
இப்போது பால் பண்ணைகளுக்குக் கணக்கு எழுதுகிறான்.
"கிளஸ்டர் அளவு," என்றான் கொட்டாவிக்கு நடுவே.
"நீ எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவே தேர்ந்தெடுத்துக்கொண்டது.
அழித்துவிட்டு முதலிலிருந்து வா."

"ஒவ்வொரு பறவையும் தனி உயிர், அதனால்தானே தனிக் கோப்பு?"
வெகுநாளாய் நான் நம்பி வந்தது.
"இல்லை," என்றான். "அப்போது எனக்கு
அட்டவணை போடத் தெரியாது."

வலையில் சிக்குவது எதுவென்று பார்த்து
அதன் காலுக்கேற்ற வளையம் எடுப்போம்.
எடை போட, பொன்முடிச் சிட்டுக்குப் பழைய ஃபிலிம் டப்பா,
குட்டி ஆந்தைக்குச் சிப்ஸ் டப்பா,
தலைகீழாய், கால் மட்டும் வெளியே, கோபத்தோடு.
வட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.
ஒன்பது மணி நேரக் காற்றுக்கும் ஐந்து கிராம் உயிருக்கும்
ஒரே அளவு அறை,
யாரும் குடிவருமுன்பே சொல்லிவிட வேண்டும்.

"முப்பத்திரண்டு போடு," என்றாள் மெரிக்கே
காலுறையை அடுப்பின் மேல் விரித்தபடி.
"எல்லாம் கொள்ளும். ஒலியும் தடங்காமல் ஓடும். தூங்கலாம்."
கணக்கு அவள் பக்கம்தான்.
ஐந்து மணிக்கு வலை திறக்க வேண்டும்,
காற்று வேறு வடகிழக்குக்குத் திரும்புகிறது.

பட்டியலில் கீழிறங்கி நாலில் நின்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்:
பறவை மறுபடி பிடிபட்டால்
அதே கோப்பில் அடுத்த வரி சேரும்.
நாலு கிலோபைட் அறையில் முதல் வரி போக
இன்னும் இருபத்தொரு வரிக்கு இடம் இருக்கிறது.
எங்கள் முனையில் அதிகம் வந்தது ஒரு செம்மார்புக் குருவி,
ஐந்து முறை.
மற்றவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வரியைக் காணவே இல்லை.
இருபத்தொன்றே அதிகப்படி.
அதற்கு மேலும் வெற்றிடம் வைத்துக் காத்திருப்பது
நம்பிக்கை இல்லை, கணக்கு தெரியாமை.

சரி, இது தூக்கக் கலக்கத்தில் கண்டுபிடித்த காரணம்.
தாவெத் சிரிப்பான்.

நகலெடுப்பு நத்தையாய் ஊர்கிறது.
பெரிய ஒலிகள் மளமளவென்று ஏறிவிட்டன;
பொடிக் கோப்புகள்தான் ஒவ்வொன்றும் வாசலில் நின்று
பெயர் சொல்லி உள்ளே போகின்றன.
இரண்டாயிரத்து ஏழு, அக்டோபர், செம்மார்பு.
இரண்டாயிரத்து ஏழு, அக்டோபர், செம்மார்பு.
இரண்டாயிரத்து ஏழு, அக்டோபர், பெயர் தெரியவில்லை, பறந்துவிட்டது.

நாலே முக்கால்.
தலைவிளக்கை மாட்டிக்கொண்டு எழுகிறேன்.
இன்னும் ஆறு லட்சம் வெளியே நிற்கின்றன.